நாடகக் குழு கேள்வி - பதில்: பங்கு, கூடம், விளக்கு, மறுமேடை

கலைஞர்களே சேர்ந்து நடத்தும் நாடகக் குழுக்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இம்முறை முழு இடமும். நடிப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பணம், கூடம், மின்சாரம், நாற்காலி என்றுதான் கேட்டிருக்கிறார்கள். ஒரு குழு நிலைத்து நிற்க நினைக்கிறது என்பதற்கு இதுவே அடையாளம்.

எட்டுப் பேர் சேர்ந்து மூன்று நாடகம் போட்டோம். கைக்காசு போட்ட காலத்தில் பேச்சே எழவில்லை. இம்முறை முதன்முதலாகப் பணம் மிஞ்சியது, கூடவே மனத்தாங்கலும் வந்தது. சமமாகப் பிரிப்பதா, வேலைக்கு ஏற்பப் பிரிப்பதா?

இரண்டு வழியிலும் குழுக்கள் நன்றாக நடந்திருக்கின்றன. பாரிஸில் 1964இல் தொடங்கிய ‘தியேத்ர் து சொலேய்’ கூட்டுறவாக அமைந்தது. இயக்குநர் அரியான் முனுஷ்கின் உட்பட எல்லாருக்கும் ஒரே சம்பளம் என்பது அதன் வழக்கம். ஷேக்ஸ்பியர் இருந்த குழு 1594இல் அமைந்தது. அதில் முக்கிய நடிகர்கள் பங்காளிகள், மற்றவர்கள் கூலிக்கு நடித்தவர்கள். 1599இல் அவர்கள் குளோப் அரங்கைக் கட்டியபோது பாதி உரிமை குழுவின் முன்னணி நடிகர் ரிச்சர்ட் பர்பேஜுக்கும் அவர் அண்ணனுக்கும், மறுபாதி மற்ற ஐந்து நடிகர்களுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். உங்கள் குழுவில் பணம் முதலில் வந்துவிட்டது, விதி இன்னும் வரவில்லை. மனத்தாங்கல் அங்கேதான் பிறக்கிறது. அடுத்த நாடகத்தின் முதல் ஒத்திகைக்கு முன்பே விதியை எழுதி எட்டுப் பேரும் கையெழுத்திடுங்கள்.

எங்கள் பரிந்துரை புள்ளிக் கணக்கு. ஒத்திகை ஒன்றுக்கு 1 புள்ளி, மேடை நிகழ்வு ஒன்றுக்கு 3 புள்ளி, செட் கட்டுவது, கணக்கு எழுதுவது, சுவரொட்டி ஒட்டுவது போன்ற வேலைகளில் நான்கு மணி நேரத்துக்கு 1 புள்ளி. தொகையை டிக்கெட் எண்ணிக்கையாகவே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து நிகழ்வில் 300 டிக்கெட் விற்றது என்று கொள்ளுங்கள். பிரதியாசிரியர் பங்கு, வண்டி, கூட வாடகை எல்லாம் சேர்த்து நிகழ்வுக்கு 12 டிக்கெட் செலவு என்றால் 120 போய்விடும். செட்டுக்கும் உடைக்கும் முன்பணம் போட்டவர்களுக்கு 40 திரும்பப் போகும். மீதி 140. அதில் ஐந்தில் ஒன்றை, அதாவது 28ஐ, குழுவின் கையிருப்பாக ஒதுக்குங்கள். பிரிக்க நிற்பது 112. எட்டுப் பேரின் புள்ளிகள் சேர்ந்து 560 என்றால் ஒரு புள்ளிக்கு 0.2 டிக்கெட். 40 ஒத்திகைக்கும் 10 நிகழ்வுக்கும் வந்தவருக்கு 70 புள்ளி, அதாவது 14 டிக்கெட்டின் பணம்.

தொகை சிறியதுதான். ஆனால் ஒருவருக்கு ஏன் 14, இன்னொருவருக்கு ஏன் 11 என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்காது. வருகைப் பதிவைத் தினமும் ஒத்திகை முடிந்த கையோடு எழுத வேண்டும். வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் மறுபடியும் பூசல்தான். கதாநாயகனுக்குக் கூடுதல் புள்ளி வேண்டும் என்ற பேச்சும் எழும், ஒப்புக்கொள்ளாதீர்கள். நீண்ட வேடக்காரர் ஒத்திகைக்கும் அதிகம் வருவார், புள்ளி தானாகவே ஏறும்.

கையிருப்பைத் தொட இருவர் கையெழுத்து வேண்டும் என்பதையும் விதியில் சேர்த்துவிடுங்கள். விலகிப் போகிறவருக்குக் கையிருப்பில் பங்கு உண்டா என்பதையும் இப்போதே எழுதுங்கள். இல்லை என்று வைப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. அது அடுத்த நாடகத்தின் பணம்.

பழைய கிடங்கு ஒன்று கிடைக்கும்போல் இருக்கிறது. 8 மீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம். எத்தனை பேர் உட்காரலாம்? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஐம்பது பேர். கணக்கு இப்படி: நீளத்தில் ஆடுமிடத்துக்கு 5 மீட்டர், அதன் பின்னால் நடிகர்கள் கடந்துபோக 1.5 மீட்டர், ஆடுமிடத்துக்கும் முதல் வரிசைக்கும் நடுவே 1 மீட்டர். மிஞ்சுவது 4.5 மீட்டர். ஒரு வரிசைக்கு 90 செ.மீ. விட்டால் ஐந்து வரிசை. அகலத்தில் இரு பக்கமும் 1.2 மீட்டர் நடைபாதை போக 5.6 மீட்டர் நிற்கும், வரிசைக்குப் பத்து இருக்கை. நடைபாதையில் ‘கடைசி நேரத்தில் இரண்டு நாற்காலி’ போடும் ஆசை கண்டிப்பாக வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள், அது வெளியேறும் வழி.

மேடை தரையோடு தரையாக இருக்கும் கூடத்தில் மூன்றாம் வரிசைக்காரருக்கு நடிகரின் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. உட்கார்ந்து நடிக்கும் காட்சி முழுவதும் வீண். முதல் வரிசைக்குத் தரையில் மெத்தை, இரண்டாம் வரிசைக்கு நாற்காலி, மூன்றாவது 30 செ.மீ. உயரப் பலகையில், நான்காவது 60, ஐந்தாவது 90 என்று ஏற்றுங்கள். பலகைக்கு 18 மி.மீ. ப்ளைவுட், அடியில் 40 செ.மீ.க்கு ஒரு குறுக்குச் சட்டம். சதுர மீட்டருக்கு 500 கிலோ தாங்குமாறு கட்டுவது பொதுவான அளவு. சட்டத்துக்கும் ப்ளைவுட்டுக்கும் நடுவே பழைய கம்பளத் துண்டை ஒட்டாவிட்டால் தாமதமாக வருபவரின் ஒவ்வொரு காலடியும் பறை மாதிரி கேட்கும். கடைசி வரிசைக்குப் பின்னாலும் பக்கங்களிலும் கைப்பிடிக் கம்பி கட்டாமல் ஒருவரைக்கூட மேலே ஏற்றக்கூடாது.

உயரம் குறைந்தது 4 மீட்டர் தெளிவாக வேண்டும். அதற்குக் கீழே போனால் விளக்கு நடிகரின் தலைக்கு நேர் மேலே வந்துவிடும், முகத்தில் கண் இருக்குமிடம் குழியாகத் தெரியும். இடத்தைப் பகலில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நாடகம் நடக்கும் நேரத்தில் போய், கதவைச் சாத்தி, பத்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பக்கத்துப் பட்டறை, தகரக் கூரையில் விழும் மழை, பின்சுவரை ஒட்டி ஓடும் தண்ணீர் மோட்டார் எல்லாம் அப்போதுதான் காதில் விழும். சத்தம் வெளியிலிருந்து வந்தால் பெரும்பாலும் வழி கதவிடுக்கும் சன்னலும்தான், அவற்றை ரப்பர் பட்டையால் அடைக்கலாம். தகரக் கூரையின் மழைச் சத்தத்துக்கு மலிவான வழி எதுவும் கிடையாது.

தீயைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். குளோப் அரங்கம் 1613இல் எரிந்தது, நாடகத்துக்காகச் சுட்ட பீரங்கியின் பொறி ஓலைக் கூரையில் விழுந்ததால். மறு ஆண்டு கட்டியபோது கூரைக்கு ஓடு போட்டார்கள். உங்கள் கூடத்தில் ஓலைக்கு நிகரானது கறுப்புத் திரைத்துணி. திரையில் ஒரு கை அகலத் துண்டை வெட்டி, வெளியே, பக்கத்தில் வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு, இடுக்கியில் தொங்கவிட்டு அடிவிளிம்பில் 12 விநாடி சுடர் காட்டுங்கள். சுடரை எடுத்த 2 விநாடிக்குள் அணைய வேண்டும். உருகிச் சொட்டிக்கொண்டே எரிந்தால் அந்தத் துணி வேண்டாம். தீத்தடுப்பு மருந்து தோய்த்த துணியைத் துவைத்தால் மருந்து போய்விடும் என்பதையும் உடைப்பொறுப்பாளரிடம் சொல்லிவையுங்கள். வெளியே திறக்கும் கதவு இரண்டு, எதிரெதிர்ப் பக்கங்களில் வேண்டும். நிகழ்வு நடக்கும்போது இரண்டிலும் பூட்டு இருக்கக்கூடாது.

அந்தக் கிடங்கை ஆண்டு முழுவதும் வாடகைக்கு எடுத்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரும் தோழர்களும் 1643இல் பாரிஸில் குழு தொடங்கி, பந்தாட்டக் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து அரங்காக மாற்றினார்கள். 1645இல் கடனுக்காக மோலியேர் சிறைக்குப் போனார். அதன் பின் பதின்மூன்று ஆண்டு வெளியூர்களில் நாடகம் போட்டுத்தான் 1658இல் பாரிஸ் திரும்பினார்.

வாடகையையும் டிக்கெட்டாகவே மாற்றிப் பாருங்கள். வாடகை, மின்கட்டணம், துப்புரவு சேர்ந்து மாதம் 120 டிக்கெட் ஆகிறது என்போம். ஐம்பது இருக்கையில் சராசரி முப்பது நிரம்பும், நிகழ்வுச் செலவு இங்கே வாடகை நீங்கலாகவே 12 என்று கொண்டால் கையில் 18. 120ஐ 18ஆல் வகுத்தால் ஏழு நிகழ்வு. மாதம் ஏழு முறை மேடையேறினால்தான் வாடகை மட்டும் கட்டலாம், நடிகருக்கு ஒன்றும் இல்லை. ஆறு மாதம் வாடகை கட்டும் அளவுக்குக் கையிருப்பு சேரும்வரை நிகழ்வு நாட்களுக்கு மட்டும், கூடவே அதற்கு முந்தைய நான்கு நாட்களுக்கும் சேர்த்து எடுங்கள். செட்டும் விளக்கும் பழக அந்த நான்கு நாள் போதும்.

எல்இடி பார் (PAR) மேடை விளக்குகள் பத்து வாங்கினோம். காட்சி நடுவே ஒன்றிரண்டு தாமாகவே மினுங்குகின்றன, ஒரு முறை எல்லாமே அணைந்தது. முகமும் தட்டையாகத் தெரிகிறது.

மூன்றும் தனித்தனிக் கோளாறு.

மினுங்குவதற்குப் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். மைக் கேபிளும், விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் கேபிளும் முனையில் ஒரே மாதிரி இருப்பதால் மைக் கேபிளையே மாட்டிவிடுகிறார்கள். டிஎம்எக்ஸுக்கு வேண்டியது 120 ஓம் கேபிள். மைக் கேபிளில் சிக்னல் முனையில் மோதித் திரும்பி வந்து குழப்பும். மூன்று விளக்கு வரை தெரியாது, பத்தாவதில் தெரியும். கேபிளை மாற்றுங்கள். கடைசி விளக்கின் வெளியீட்டில் 2ஆம், 3ஆம் பின்களுக்கு இடையே 120 ஓம் ரெசிஸ்டர் வைத்த டெர்மினேட்டரைச் செருகுங்கள். ஒரு விளக்கிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகத்தான் போக வேண்டும். நடுவில் ‘ஒய்’ கேபிள் போட்டுப் பிரிக்கக்கூடாது, பிரிக்க ஸ்ப்ளிட்டர் என்ற தனிக் கருவி வேண்டும். முகவரியையும், அதாவது ஒவ்வொரு விளக்கும் தன் கட்டளையை எந்த எண்ணிலிருந்து படிக்கிறது என்பதையும், சரிபாருங்கள். ஒரு விளக்கு எட்டு எண் எடுத்துக்கொள்ளும் எட்டு சானல் முறையில் வைத்திருந்தால் முதல் விளக்கு 1, அடுத்தது 9, பிறகு 17, 25 என்று போய்ப் பத்தாவது 73. யாராவது ஒன்றை ஏழு சானல் முறைக்கு மாற்றியிருந்தால் அந்த ஒன்று மட்டும் தப்பான நிறம் காட்டும்.

எல்லாம் அணைந்தது மின்பளுவால் இருக்கலாம். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் லைன் தாங்குவது 3,680 வாட். ஐந்தில் நான்கு பங்குக்கு மேல், ஏறக்குறைய 2,900 வாட்டுக்கு மேல், ஏற்றாதீர்கள். 200 வாட் எல்இடி பத்து என்றால் 2,000 வாட், காகிதத்தில் சரிதான். ஆனால் பத்தையும் ஒரே சுவிட்சில் போட்டால் தொடக்க நொடியில் பாயும் மின்னோட்டம் எம்சிபியை (மின்சாரத்தைத் தானாக நிறுத்தும் சுவிட்சை) விழவைக்கும். ஐந்தைந்தாகப் போடுங்கள். அதே லைனில் டீ கெட்டிலோ இஸ்திரிப் பெட்டியோ இருந்தால் நாடகத்தின் நடுவே அணையத்தான் செய்யும். ஒப்பனை அறைக்குத் தனி லைன் வாங்குங்கள். பழைய 1,000 வாட் ஹாலஜன் பார்களை இரவல் வாங்கினால் ஒரு லைனுக்கு இரண்டுதான்.

முகம் தட்டையாவது கோணத்தால். நேர் எதிரே ஒரே கம்பியில் பத்தையும் தொங்கவிட்டிருப்பீர்கள். நடிகரின் முகத்துக்கு 45 பாகை மேலே, 45 பாகை பக்கவாட்டில் இடமும் வலமுமாக இரண்டு வையுங்கள். இடதில் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை, வலதில் கொஞ்சம் நீலம் கலந்த வெள்ளை. பின்னாலிருந்து தோளில் விழ ஒன்று. இந்த மூன்றும் சேர்ந்தால் ஓர் இடத்துக்கு வெளிச்சம். ஆடுமிடத்தை மூன்று பகுதியாகப் பிரித்தால் ஒன்பது விளக்கு, மிஞ்சிய ஒன்றைப் பக்கத்திலிருந்து தாழ்வாக வையுங்கள். இருக்கும் பத்தே போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஒவ்வொரு விளக்குக்கும் கொக்கியோடு சேஃப்டி செயினும் மாட்டுங்கள். கொக்கியின் நட்டு தளர்ந்தால் விளக்கைப் பிடிக்க அது ஒன்றுதான் உண்டு.

கூடத்தில் தூண் இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அரங்குக்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளவு சொல்லிவிட்டு, தூணின் நிழல் அரங்கில் விழாமல் புறத்தே போகும்படி விளக்கு வைத்ததையும் சொல்கிறது. நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். ஒருவரைத் தூணருகே நிறுத்தி, ஒவ்வொரு விளக்காகப் போட்டு, நிழல் தரையில் விழும் கோட்டைச் சாக்கால் வரையுங்கள். அந்தக் கோட்டுக்குள் முக்கியமான வசனம் எதையும் வைக்காதீர்கள்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாம் நண்பர்களும் உறவினர்களும்தான். புதியவர்கள் வர என்ன செய்வது?

முதலில் எண்ணுங்கள். வாசலில் ஓர் அட்டையில் மூன்று கட்டம்: முதன்முறை வருபவர், முன்பு வந்தவர், குழுவினருக்குத் தெரிந்தவர். டிக்கெட் கிழிப்பவர் ஒரு கோடு போடட்டும். இரண்டு நாள் நாடகம் போட்டு முடித்துவிடும் குழுவுக்கு மூன்றாம் கட்டம் மட்டும்தான் நிறையும். பார்த்தவர் சொல்லி இன்னொருவர் வர நாள் வேண்டும். சனி, ஞாயிறு என்று ஒரே வாரம் போடாமல் நான்கு நிகழ்வு இருந்தால் அவற்றை அடுத்தடுத்த இரண்டு வார இறுதிகளுக்குப் பிரித்துப் போடுங்கள். இரண்டாம் வாரத்தில்தான் முகம் தெரியாதவர்கள் வருவார்கள்.

ஐம்பது நாற்காலியையும் போட்டுவைக்காதீர்கள். முப்பது போட்டு, ஆள் வர வர ஓரத்திலிருந்து எடுத்துப் போடுங்கள். பாதிக் கூடம் காலியாக இருந்தால் சிரிப்பு பரவாது, நடிகருக்கும் மூச்சு இறங்கிப்போகும். இலவச அனுமதிச் சீட்டை நண்பர்களுக்கு அள்ளிக் கொடுப்பதையும் நிறுத்துங்கள். தலைக்கு ஒரே ஒரு சீட்டு, அதுவும் முதல் நாளுக்கு மட்டும்.

பழைய எழுத்தாளரின் நாடகத்தைப் போட அனுமதி வேண்டுமா?

எழுத்தாளர் இறந்து இந்தியாவில் 60 ஆண்டு, வேறு பல நாடுகளில் 70 ஆண்டு வரை உரிமை வாரிசுகளுக்கு உண்டு. நாட்டுடைமையான நூல்களுக்கு அனுமதி வேண்டாம். மொழிபெயர்ப்பென்றால் மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனி, மூலத்தின் காலம் முடிந்திருந்தாலும் கேட்டாக வேண்டும். சிறுகதையை நாடகமாக்கவும் அனுமதி தேவை. கடிதமாகக் கேட்டு, கடிதமாகவே வாங்குங்கள். எத்தனை நிகழ்வு, எந்தக் காலம்வரை என்பதும் அதில் இருக்கட்டும்.

நன்றாக ஓடிய நாடகத்தை ஓராண்டு கழித்து மீண்டும் போட முயன்றோம். புதிதாக எடுப்பதுபோல் இருபது ஒத்திகை ஆயிற்று. இது இயல்பா?

மேடைப் பிரதி எழுதிவைக்காத குழுவுக்கு இயல்புதான். எழுதிவைத்திருந்தால் ஆறு ஒத்திகையில் முடியும். குழுவின் வளர்ச்சி இப்படி மிச்சமாகும் பதினான்கு ஒத்திகையில்தான் இருக்கிறது என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். கர்நாடகத்தின் ஹெக்கோடு என்ற சிற்றூரில் 1949இல் தொடங்கிய நீநாசம் என்ற நாடக அமைப்பு, 1985 முதல் ‘திருகாட்ட’ என்ற பெயரில் நாடகங்களை ஊர் ஊராகக் கொண்டுபோகிறது. ஒரே நாடகத்தை வேறு வேறு கூடத்தில் மறுபடி மறுபடி நிறுத்த முடிந்தால்தான் அது நடக்கும்.

மேடைப் பிரதி செய்வது கடினமில்லை. தாளின் வலப்பக்கம் வசனம், இடப்பக்கம் வெற்று. வெற்றுப் பக்கத்தில் நடிகர் எங்கிருந்து எங்கே போகிறார் என்பதைச் சிறு படமாக, பென்சிலால். பேனா வேண்டாம், கடைசி வாரம்வரை மாறிக்கொண்டே இருக்கும். விளக்கு, ஒலிக் குறிப்புகளுக்கு 1, 2, 3 என்று எண் இடாமல் 10, 20, 30 என்று இடுங்கள். நடுவில் புதிதாக ஒன்று வந்தால் 25 என்று சொருகலாம், மற்ற எண்களைத் திருத்த வேண்டாம். எந்தச் சொல்லின் எந்த எழுத்தில் விளக்கு மாறுகிறதோ அந்த எழுத்தின்மேல் கோடு இழுங்கள்.

பொருட்களுக்கு: பக்கவாட்டில் ஒரு மேசை, மேலே வெள்ளைக் காகிதம் ஒட்டி, ஒவ்வொரு பொருளையும் வைத்து அதன் உருவைச் சுற்றி மார்க்கரால் வரையுங்கள். உள்ளே பெயர், எடுப்பவர் பெயர், காட்சி எண். கடிதம் இருக்க வேண்டிய நீள்சதுரம் காலியாக இருந்தால் நாடகம் தொடங்கப் பத்து நிமிடம் முன்பே கண்ணில் படும். நாடகம் முடிந்ததும் அந்தக் காகிதத்தைச் சுருட்டிப் பெட்டியிலேயே வையுங்கள். உடைகளைத் துவைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே மூடுங்கள். லேசான ஈரம் இருந்தாலும் ஓராண்டில் பூஞ்சை பிடித்துவிடும். உடையோடு நடிகரின் முழு உருவப் படமும் வையுங்கள், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பின்முடிச்சு எப்படிப் போட்டோம் என்பதுதான் எல்லாருக்கும் மறக்கும்.

எங்கள் செயலாளரே கணக்கு, அனுமதி, டிக்கெட், ஒத்திகை அழைப்பு எல்லாம் பார்க்கிறார். அலுத்துப்போய் விலகப்போவதாகச் சொல்கிறார்.

அவர் சொல்வதை உடனே நம்புங்கள், கெஞ்சி நிறுத்தாதீர்கள். இரண்டு வாரம் அவர் செய்யும் ஒவ்வொரு வேலையையும் செய்யும்போதே ஒரு வரி எழுதட்டும். முப்பது நாற்பது வரி தேறும். அதை நான்காகப் பிரித்து நான்கு பேருக்குக் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுழற்றுங்கள், கணக்கை மட்டும் ஓராண்டு ஒருவரே பார்க்கட்டும். கைமாறும்போது பழையவரும் புதியவரும் ஒரு நிகழ்வை முழுதாகச் சேர்ந்து நடத்த வேண்டும், சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவது போதாது. இந்த வேலைக்கும் புள்ளி உண்டு என்று முதல் பதிலில் சொன்னது இவருக்காகத்தான். சென்ற நாடகத்துக்கு அவர் செலவிட்ட மணி நேரத்தைத் தோராயமாகவேனும் எண்ணி, அந்தப் புள்ளியை இப்போதே கொடுங்கள். கூடத்துச் சாவியும் மின்னஞ்சல் கடவுச்சொல்லும் இன்றிரவே இன்னொருவர் கைக்கும் போகட்டும்.